ஆட்டுக்கொல்லி நோயும் மந்தைக் காப்பும்

திருநாவலூர் என்றவுடன் சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த தலம் என்பதே யாவர் நினைவிலும் எழும். கால்நடை வைத்திய நூல்களிலும் அப்பக்கத்துக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். திருநாவலூருக்குச் சில மைல் தொலைவில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள அரசூரில்தான் 1987-ஆம் வருஷத்தில், இந்தியாவில் முதன்முதலாக, ஆட்டுக்கொல்லி நோய் இன்னதென்று கண்டறியப்பட்டது. அக்காலத்தில் இரண்டு ஊர்களும் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. இன்று அரசூர் விழுப்புரம் ஜில்லாவிலும், திருநாவலூர் 2019-இல் ஏற்பட்ட கள்ளக்குறிச்சி ஜில்லாவிலும் உள்ளன. சந்தைக்குப் போகும் ஆடு இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. அதனுடன் செல்லும் வியாதியும் பார்ப்பதில்லை.

அரசூரில் நோயுற்றவை செம்மறியாடுகள். கடுஞ்சுரம், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், துர்நாற்றமுள்ள கழிச்சல், இறுதியில் மூச்சுத் திணறல் ஆகிய குறிகளைக் கண்டவர்கள் மாட்டு வெக்கை நோயே ஆடுகளைத் தாக்கியதென்று கருதுவது அந்நாள் வழக்கம். எம். எஸ். ஷைலாவும் அவருடன் உழைத்த ஆராய்ச்சியாளர்களும் கிருமியைப் பிரித்தெடுத்துப் பரீக்ஷித்து, இது வெக்கை நோயன்று, அதற்கு நெருங்கிய உறவுடைய வேறொரு வைரஸ் என்று நிரூபித்தனர். அவர்கள் முடிவு 1989-இல் வெளியாயிற்று. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் தேசத்தில் 1942-இலேயே இந்நோய் விவரிக்கப்பட்டிருந்தது. மனிதக் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மைக் கிருமியும் இக்குடும்பத்தையே சேர்ந்தது. இந்தியாவில் தென்பகுதியோடு நின்ற வியாதி என்று சில வருஷம் எண்ணப்பட்ட இது, 1994-இல் வடநாட்டிலும் காணப்பட்டது.

முன்பின் இக்கிருமியைக் கண்டிராத மந்தையில் இது புகுந்தால் பாதிக்கு மேற்பட்ட ஆடுகள் மடிவதும் உண்டு. இரண்டு மூன்று வெள்ளாடுகளை வைத்துப் பிள்ளையின் பள்ளிச் செலவையும் வீட்டின் வைத்தியச் செலவையும் சமாளிக்கும் குடும்பத்துக்கு, அது ஒரு வாரத்தில் கைமுதல் முழுதும் போவதற்கு ஒப்பாகும். நிலமுள்ளவனுக்கு அடுத்த போகம் உண்டு. ஆடு மட்டும் உள்ளவனுக்கு அதுவும் இல்லை.

கிருமி உடலுள் எவ்வாறு தடுக்கப்படுகிறது என்பதைச் சிறிது அறிதல் நலம். இரத்தத்திலும் நெறிக்கட்டிகளிலும் உள்ள வெள்ளணுக்களில் சில, புகுந்த அந்நியப் பொருளை அடையாளம் கண்டு, அதனோடு மட்டுமே பொருந்தும் எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்கின்றன. முதல் தடவை இதற்கு நாட்கள் பல செல்லும். அதற்குள் ஆட்டுக்கொல்லிக் கிருமி அந்த வெள்ளணுக்களையே தாக்கி அழிக்கத் தொடங்கிவிடுகிறது. பிழைத்த ஆட்டிலோ, கிருமியின் அடையாளத்தை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் தங்கிவிடுகின்றன. அவ்வாடு தன் ஆயுளில் மறுபடி இந்நோயால் வருந்துவதில்லை. கிருமியை மறைவாகச் சுமந்து பிறவற்றுக்குத் தருவதும் இல்லை.

நோயின் துன்பமின்றி அந்நினைவை மட்டும் உண்டாக்குவதே வாக்ஸின். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார், அரசூரில் கிடைத்த அதே கிருமியை, சோதனைச் சாலையில் வளர்க்கப்படும் குரங்குச் சிறுநீரக அணுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைத்து, வாக்ஸினாக்கினர். ‘அரசூர் 87’ என்பதே அதன் பெயர். இமாசலப் பிரதேசத்துச் சுங்ரியில் கிடைத்த கிருமியிலிருந்து இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் மற்றொன்று செய்தனர். தோலுக்கடியில் ஒரு மில்லிலிட்டர் செலுத்தினால் மூன்று வருஷத்துக்குக் குறையாத காப்பு உண்டாகும் என்பது இவற்றால் கண்ட அநுபவம்.

“ஊசி போட்ட பிறகுதான் வியாதி வந்தது” என்று கிராமங்களில் சொல்லப்படுவதைத் தள்ளிவிடாமல் ஆராய வேண்டும். நோய் உட்புகுந்து நாலைந்து நாள் கழித்தே குறிகள் தோன்றும். ஊசியால் முழுக் காப்பு ஏற்படவோ ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பக்கத்துத் தெருவில் ஆடு செத்த பிறகு ஓடிவந்து போடப்படும் ஊசி, முன்னரே கிருமி புகுந்த ஆட்டைக் காப்பாற்ற மாட்டாது. பழி ஊசியின் மேல் விழுகிறது.

ஒவ்வாமை என்பது வேறு விஷயம். தீங்கற்ற ஒரு பொருளைப் பகையென்று உடல் தவறாக எண்ணிக்கொண்டு, தோலிலும் நுரையீரலிலும் உள்ள சில அணுக்களை அதற்கெதிராக ஆயத்தம் செய்து வைக்கிறது. அப்பொருள் மறுமுறை புகும்போது அவ்வணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒரேயடியாகச் சொரிகின்றன. வாக்ஸினில் தங்கியிருக்கும் சிறிதளவு புரதமும் மிக அபூர்வமாக இதற்குக் காரணமாகலாம். இமை வீங்குதல், நடுக்கம், வாயில் நுரை, மூச்சுத் திணறல் ஆகியவை பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தோன்றும். உடனே வைத்தியர் அட்ரினலின் மருந்தைச் செலுத்தினால் ஆடு பிழைக்கக்கூடும். ஆகவே ஊசி போட்டவுடன் மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டாமல் சற்று நேரம் கண்பார்வையில் வைத்திருத்தல் வேண்டும். ஒரு நாள் சுரமும் ஊசியிட்ட இடத்தில் சிறு தடிப்பும் ஒவ்வாமை அல்ல. ஒவ்வாமையை வைத்தியர்கள் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு: மாட்டின் தோலில் டியூபர்குலின் செலுத்தி, மூன்று நாள் கழித்து அவ்விடம் தடிக்கிறதா என்று பார்த்து க்ஷயரோகத்தைக் கண்டுபிடிப்பது அம்முறையிலேயே.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஊசி ஒவ்வோர் ஆட்டையும் காக்கிறது என்பது பாதி உண்மையே. நோயுற்ற ஓர் ஆடு, காப்பில்லாத மந்தையில் ஐந்து ஆடுகளுக்கு வியாதியைத் தருவதாக உதாரணத்துக்குக் கொள்க. ஐந்து இருபத்தைந்தாகும், இருபத்தைந்து நூற்றிருபத்தைந்தாகும். அம்மந்தையில் நூற்றுக்கு 80 ஆடுகள் காப்புப் பெற்றிருந்தால், அந்த ஐந்தில் நான்கினிடம் கிருமி தோற்றுவிடும், ஒன்றுக்கே தொத்தும். காப்பு 80-க்கு மேற்பட்டால் ஒன்றுக்கும் குறைவாகி, வியாதி தானே அவிந்துபோகும். ஊசி போடாத ஆடும், இளங்குட்டியும், சினையால் மெலிந்து ஊசிக்குத் தகாததென்று விடப்பட்ட ஆடும், மற்றவற்றின் மறைவில் தப்புகின்றன. இதுவே மந்தைக் காப்பு. அயலான் ஆட்டுக்குப் போட்ட ஊசி தன் ஆட்டைக் காக்கும். தான் போடாது விட்ட ஊசி அயலான் ஆட்டைக் கொல்லவும் கூடும்.

ஆனால் மந்தை என்பது ஏரித் தண்ணீரைப் போல ஒரே அளவில் நிற்பதன்று. நூறு ஆடுகளில் 90-க்கு இவ்வருஷம் ஊசி போட்டாயிற்றென்று வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கும் பக்ரீதுக்கும் திருவிழாவுக்கும் 40 ஆடுகள் விற்கப்பட்டு, அவ்விடத்தில் 40 குட்டிகள் வந்துவிட்டால், அடுத்த வருஷம் காப்புள்ளவை சுமார் 54 மட்டுமே. ஒருவரும் ஒரு தவறும் செய்யாமலே ஊர் மறுபடி ஆபத்துக்குள்ளாகிறது. மாடுகளில் இவ்வளவு விரைவாக மாற்றம் இல்லை. ஆடுகளில் இதுவே பெருஞ்சிக்கல். பெரிய ஆடுகளுக்கே வருஷந்தோறும் திரும்பத் திரும்பப் போடுவதைக் காட்டிலும், புதிய குட்டிகளில் ஒன்றையும் விடாமல் போடுவதே அதிகப் பயன் தரும். காப்புள்ள தாயின் சீம்பால் குட்டிக்குச் சில மாதம் காவலாக இருந்து, அக்காலத்தில் போடும் வாக்ஸினையும் பயனற்றதாக்கிவிடும். எனவே மூன்று மாதம் கடந்த பின்னரே குட்டிக்கு ஊசி போடப்படுகிறது.

இவ்வழியில் ஒரு நோய் அடியோடு ஒழிந்ததுண்டா என்று கேட்பவர்க்கு, வெக்கை நோயே விடை. முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ் 1920-களில், மாட்டுக் கிருமியை வெள்ளாட்டின் உடலில் பலமுறை செலுத்தி வீரியம் குறைத்து வாக்ஸின் செய்தார். மாட்டைக் காக்க ஆடு தன் உடலைத் தந்தது எனலாம். 1954-இல் தேசமெங்கும் ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. இந்தியாவில் அந்நோய் கடைசியாக 1995-இல் காணப்பட்டது, அதுவும் தமிழ்நாட்டில்தான். பின்னர் ஊசியை நிறுத்தி, ஒளிந்திருக்கும் கிருமி வெளிப்படுகிறதா என்று காத்திருந்து பார்த்து, 2006-இல் இந்தியாவும் 2011-இல் உலகமும் அந்நோய் நீங்கியதென்று அறிவிக்கப்பட்டன. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்து உலகினின்று ஒழிந்த இரண்டாவது வியாதி அது. ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் ஒழிக்கும் உலகத் திட்டம், 2015-இல், அந்நோய் முதலில் விவரிக்கப்பட்ட ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரிலேயே ஏற்கப்பட்டது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இதற்கு இடையூறு இரண்டு. கல்வராயன் மலையூர்களில் வெள்ளாடுகள் பகலெல்லாம் காட்டுச் சரிவில் சிதறி மேய்கின்றன. ஊசி போடுவோர் சென்றால் பட்டியில் பாதி ஆடு இராது. விடியுமுன் அவிழ்த்துவிடாமல் நிறுத்திவைக்கும்படி முந்திய நாளே சொல்லியனுப்பினாலன்றிக் காரியம் ஆகாது. வாக்ஸின் பனிக்கட்டியிலேயே மலையேற வேண்டும்; கரைத்த மருந்தை ஓரிரண்டு மணி நேரத்துக்குள் செலவிட வேண்டும்; வெயில் பட்டது வெறுந்தண்ணீரே. சமவெளியிலோ, அறுவடைக்குப் பின் வயலில் கிடை போட வரும் வெளியூர்ச் செம்மறிகளும், உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் முதலிய சந்தைகளில் வாங்கும் ஆடுகளும் காப்புடையனவா என்பது வாங்குபவர்க்குத் தெரியாது. சந்தை ஆட்டை மூன்று வாரம் வேறு கொட்டிலில், வேறு தொட்டியில் நீர் காட்டிக் கட்டிவைத்து, ஊசியும் போட்டுப் பிறகே பட்டியில் சேர்க்க வேண்டும். விற்காமல் திரும்பிய ஆட்டுக்கும் இதுவே முறை. அதை வீட்டு ஆடு என்று நேரே பட்டியில் விடுவதே பெரும்பாலான இடங்களில் நடக்கிறது.