பூச்சியத்துக்கு மேலா, கீழா?

சாலை வளைகிறது. முன்னால் 20 மீட்டர் வரைதான் பார்வை எட்டுகிறது. அந்த எல்லையில் ஒரு மாடு படுத்திருந்தால், அதன்மேல் மோதாமல் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அப்படியானால் என்ன வேகத்தில் போகலாம்?

மாட்டைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று கொள்வோம். அந்த நொடி முழுக்க வண்டி பழைய வேகத்திலேயே ஓடும். பிரேக் பிடித்த பிறகு, ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 5 மீட்டர் குறைகிறது என்றால், நிற்பதற்குள் வண்டி கடக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் பத்தில் ஒரு பங்கு. வேகத்தை வ என்போம். வ + வ²/10 என்பது 20-ஐத் தாண்டக்கூடாது. ஒழுங்குபடுத்தினால் வ² + 10வ − 200 ≤ 0. காரணிப்படுத்தினால் (வ + 20)(வ − 10) ≤ 0. வ என்பது −20 முதல் 10 வரை இருக்கலாம் என்கிறது இயற்கணிதம். வண்டி முன்னோக்கித்தானே போகிறது, குறை எண்களைத் தள்ளிவிடலாம். ஆக, நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வரை போகலாம். மழையில் பிரேக்கின் பிடி பாதியானால், அதே கணக்கு சுமார் 28 கிலோமீட்டர் என்று சொல்கிறது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இது பதினொன்றாம் வகுப்புச் சரக்கு. இருபடி அசமன்பாடு என்பார்கள். இங்கு வரும் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தியும், வர்க்கப்பூர்த்தி செய்தும், சூத்திரத்தில் போட்டும் பத்தாம் வகுப்பிலேயே கை பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது.

க² > 9 என்று கொடுத்துப் பாருங்கள். (வகுப்பில் எக்ஸ் என்று எழுதுவதை நான் க என்று எழுதுகிறேன்.) பல நோட்டுகளில் க > ±3 என்று விடை இருக்கும். க² = 9 என்றால் க = ±3 என்பது மனப்பாடம். நடுவிலிருந்த சமக்குறியை எடுத்துவிட்டு வேறு குறியைச் செருகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். −4-ன் வர்க்கம் 16, அது 9-ஐவிடப் பெரிது. ஆனால் −4 என்பது −3-ஐவிடச் சிறிது. சரியான விடை: 3-ஐவிடப் பெரிய எண்கள், −3-ஐவிடச் சிறிய எண்கள்.

(க − 2)(க − 5) < 0 கொடுத்தால் க < 2, க < 5 என்று பிரித்துவிடுவார்கள். பெருக்கற்பலன் பூச்சியம் என்றால் ஏதாவது ஒரு காரணி பூச்சியம். சமன்பாட்டில் இந்த நியாயம் செல்லும். பெருக்கற்பலன் குறை எண் என்றால் இரண்டு காரணிகளும் எதிரெதிர்க் குறியில் இருக்க வேண்டும் என்பது வேறு நியாயம். இன்னொன்று, க² < 4க என்பதை இருபுறமும் க-வால் வகுத்து க < 4 என்று முடிப்பது. க = −1 என்று போட்டால் 1 < −4 என்று வந்து நிற்கும். குறை எண்ணால் வகுத்தால் அசமன் குறி திரும்பும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். க குறை எண்ணாகவும் இருக்கலாம் என்பதுதான் தோன்றவில்லை.

சமக்குறியை ராபர்ட் ரெக்கார்டு 1557-ல் அச்சில் கொண்டுவந்தார். >, < குறிகள் அச்சேற 1631 ஆயிற்று, அதுவும் தாமஸ் ஹாரியட் இறந்து 10 ஆண்டுகள் கழித்து வெளியான அவருடைய நூலில். வகுப்பறையும் அதே வரிசையில்தான் போகிறது.

என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தை, மிகையா குறையா என்ற குறியிலிருந்தே தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பில் வரைபடத்தாளில் பரவளையம் வரைந்திருக்கிறார்கள். க² − 7க + 10-க்கு அதையே வரையச் சொல்லி, கோடு எங்கே அச்சுக்கு மேலே இருக்கிறது, எங்கே கீழே இருக்கிறது என்று மட்டும் கேட்கலாம். 2-லும் 5-லும் அச்சை வெட்டுகிறது, இடையில் கீழே இறங்குகிறது. (க − 2)(க − 5) < 0 என்பதன் விடை, எதையும் தீர்க்காமலே, தாளில் கிடக்கிறது. பிறகு எண்கோட்டில் 2, 5 இரண்டையும் குறித்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரே ஓர் எண்ணைப் போட்டுக் குறி பார்க்கும் முறைக்குப் போகலாம்.

ஒரே எண் எப்படிப் போதும் என்று யாராவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஆசிரியரே கேட்கலாம். 2-க்கும் 5-க்கும் இடையில் குறி மாற வேண்டுமானால் கோடு மறுபடி அச்சைத் தொட்டாக வேண்டும், அங்கே இன்னொரு மூலம் இருந்தாக வேண்டும். இருபடிக்கு இரண்டுக்கு மேல் மூலங்கள் கிடையாது. குறி மாறினால் கோடு அச்சைத் தொட்டே தீரும் என்பதைக் கறாராக நிறுவ 1817-ல் போல்சானோ ஒரு தேற்றமே எழுத வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குப் பென்சிலை எடுக்காமல் கோடு இழுக்கச் சொன்னால் போதும்.

கோச்சிங் சென்டர்களில் இதற்குக் குறுக்குவழி உண்டு: ‘பெரிதென்றால் வெளியே, சிறிதென்றால் உள்ளே.’ வேகமானது, மதிப்பெண்ணும் வாங்கித் தரும். ஆனால் −க² + 7க − 10 > 0 என்று முன்னால் ஒரு கழித்தல் குறி வந்தாலே விடை தலைகீழாகிவிடுகிறது. க² + க + 1 > 0 என்றால் இன்னும் மோசம். சூத்திரத்தில் போட்டால் வர்க்கமூலத்துக்குள் −3 வருகிறது. உடனே ‘தீர்வு இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். இல்லாதது மூலம்தான். பரவளையம் முழுக்க அச்சுக்கு மேலே இருக்கிறது, எந்த மெய்யெண்ணைப் போட்டாலும் 3/4-க்குக் கீழே வராது. ஆகவே எல்லா மெய்யெண்ணும் விடை. குறியை மாற்றி < 0 என்று கேட்டிருந்தால்தான் தீர்வு இல்லை.

பாடம் ஏறியதா என்று பார்க்க இன்னொரு இருபது கணக்கு கொடுப்பதைவிட, விடையைச் சொல்லிக் கணக்கைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். 1-க்கும் 6-க்கும் இடைப்பட்ட எண்கள் மட்டும் விடையாக வரும் இருபடி அசமன்பாடு ஒன்றை எழுதுங்கள். இது எளிது, (க − 1)(க − 6) < 0. 4 மட்டுமே விடையாக வேண்டும் என்றால்? சிறிது நேரம் அமைதி. பிறகு யாராவது (க − 4)² ≤ 0 என்று கண்டுபிடிப்பார்கள். 4-ஐத் தவிர மற்ற எல்லாம் விடையாக வேண்டும் என்றால் குறியைத் திருப்பி, சமத்தை நீக்கினால் ஆயிற்று.

கடைசியாக, 2-ஐவிடப் பெரிய எண்கள் அனைத்தும், அவை மட்டுமே விடையாக வேண்டும். இப்போது நோட்டில் காரணிகள் வரிசையாக அடிபடும். (க − 2)², க(க − 2), (க − 2)(க + 1000) என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பார்கள். எதுவும் பொருந்தாது. ஏன் என்று அவர்களையே தேட விட வேண்டும். பரவளையத்தின் இரு கைகளும் ஒரே பக்கம் போகின்றன, இரண்டும் மேலே அல்லது இரண்டும் கீழே. வலப்பக்கம் வெகுதூரம் போனாலும் அசமன்பாடு பொருந்துகிறது என்றால், இடப்பக்கம் வெகுதூரத்திலும் அது பொருந்தித்தான் தீரும். கேட்ட விடையைத் தரும் இருபடி அசமன்பாடு ஒன்றுகூடக் கிடையாது.