கண்ணையும் காக்கும், உயிரையும் காக்கும்!

விளக்கு வைக்கும் நேரத்தில் உங்கள் குழந்தை வாசற்படியில் தடுக்கி விழுகிறதா? "கவனமில்லாத பிள்ளை!" என்று கடிந்து கொள்ளாதீர்கள், சகோதரி! அது மாலைக்கண்ணாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் வைட்டமின் 'ஏ' குறைந்தால் முதலில் காட்டிக் கொடுப்பது கண்தான்.

கண்ணோடு நின்றாலாவது தேவலை. அந்தக் குறை உயிருக்கே உலை வைக்கும் என்று காட்டிய ஆராய்ச்சி ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது.

திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து காவிரியோடு கிழக்கே போனால் திருச்சி ஜில்லா. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 கிராமக் குழந்தைகளுக்கு ஓராண்டு காலம் வாரந்தோறும் மருந்து கொடுத்தார்கள், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுவினர். ஒரு பகுதியினருக்கு 8,333 யூனிட் வைட்டமின் 'ஏ'யும் சிறிது வைட்டமின் 'ஈ'யும். மற்றவர்களுக்கு 'ஈ' மட்டும். 1990-ல் முடிவு வெளியாயிற்று. 'ஏ' பெற்ற குழந்தைகளிடையே மரணம் 54 சதவிகிதம் குறைந்திருந்தது!

"அப்படியானால் புட்டி புட்டியாக வாங்கிவிடலாமே!" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அளவாகக் கொடுத்து, உத்தரப் பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளிடையே சோதித்தார்கள். 2013-ல் வெளியான அந்த முடிவில் மரணம் 4 சதவிகிதமே குறைந்தது. அதுவும் தற்செயலாக இருக்கலாம். திருச்சியிலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், நெடுநாளாகச் சத்துக் குறைவால் நலிந்தவர்களுக்குமே பலன் மிகுதி.

மேலும், இது கொழுப்பில் கரையும் சத்து. மிஞ்சியது சிறுநீரோடு போய்விடாது, கல்லீரலில் தங்கிவிடும். அளவு மீறினால் தலைவலி, வாந்தி. கர்ப்பிணிகள் தினம் 10,000 யூனிட்டுக்கு மேல் மாத்திரையாகச் சாப்பிட்டால் வயிற்றிலுள்ள சிசு அங்கக் குறையோடு பிறக்கக்கூடும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்!

சர்க்காரின் திட்டப்படி ஒன்பதாம் மாதம் 1 லட்சம் யூனிட். பிறகு ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட். கொடுத்த தேதியை அட்டையில் குறித்து வாங்குங்கள். ஒரே தவணையை இரண்டு இடத்தில் கொடுத்துவிடக் கூடாதல்லவா?

மற்றபடி, முருங்கைக் கீரையும் பப்பாளியும் இருக்கவே இருக்கின்றன. அவற்றிலுள்ள கரோட்டினைத் தேவைக்கேற்ப உடம்பே வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். மிஞ்சும் என்ற பயமில்லை. கீரையைத் தாளிக்கும்போது எண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கரோட்டின் உடம்பில் சேர அது வேண்டும். முட்டை சாப்பிடும் குடும்பமானால், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து நாமக்கல்லிலிருந்து ஊரெல்லாம் போகும் முட்டையில் ஒன்று உங்கள் குழந்தையின் தட்டுக்கும் வரட்டும். மஞ்சள் கருவை ஒதுக்க விடாதீர்கள். வைட்டமின் 'ஏ' இருப்பது அதில்தான்!