திருவான்மியூர் ஆலமரமும் விடைபெறும் வகுப்பும்

படிப்பை முடித்துக்கொண்டு ஒரு வகுப்பு கலாசாலையை விட்டு வெளியேறும் சமயத்தில், மாணவர்கள் ஒன்றுகூடிக் கழிந்த வருஷங்களைப் பற்றிப் பேசுவது உலக வழக்கம். உபாத்தியாயர் கடிந்துகொண்டதும், விடுதிச் சோற்றைப் பழித்ததும், பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண் விழித்ததும் அப்பேச்சில் இனிமையாகிவிடுகின்றன. அதில் தவறொன்றுமில்லை. ஆனால் பிரிவுபசாரத்தின் இனிமையோடு அந்தப் பேச்சு நின்றுவிடலாமா? தாங்கள் பெற்ற வித்தை எது, அது யாரிடமிருந்து வந்தது, அதை அளித்த ஸ்தாபனத்தில் திருத்தப்பட வேண்டியது எது என்பவற்றையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டாமா? இக்கேள்வியை எழுப்புவதற்குத் திருவான்மியூர்க் கலாக்ஷேத்திரத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

மருந்தீசுவரர் கோயிலும், வான்மீகி முனிவரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஸ்தல வரலாறும் உடைய ஊர் திருவான்மியூர். கடலோரத்து மணற்பாங்கான இந்நிலத்தில் 1962-ல் கலாக்ஷேத்திரம் குடியேறியது. காலையில் ஆலமரத்தடியில் கூடிப் பிரார்த்தனை செய்த பின்னரே இங்கே பாடம் தொடங்கும். அதன் பிறகு தட்டுக்கழியின் ஓசைதான். அரைமண்டியில் நின்று ஒரே அடவை நூறு முறை செய்தாலும், நூற்றோராவது முறை செய்யும்படி ஆசிரியர் சொல்வார். நாட்டியம் பயில்பவர் சங்கீதமும் பயின்றாக வேண்டும். இவ்வாறு நான்கு வருஷம் கழிந்தால் பட்டயம் கிடைக்கிறது. முதல் வருஷத்தில் முழங்கால் வலியால் கண்ணீர் விட்டவள், நான்காம் வருஷத்தில் ஒரு வர்ணத்தைத் தளராமல் ஆடி முடிக்கிறாள். அவள் தன்னை அறிந்துகொண்டது அந்த நான்கு வருஷத்தில்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த ஸ்தாபனம் பிறந்த கதையை மாணாக்கர் மறக்கலாகாது. 1917-ஆம் வருஷம், சுயாட்சி கேட்ட குற்றத்திற்காக அன்னி பெஸன்ட் அம்மையாரைச் சென்னை சர்க்கார் உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. அவரோடு காவலில் வைக்கப்பட்ட இருவரில் ஒருவர் ஜார்ஜ் அருண்டேல், மற்றவர் பி. பி. வாடியா. தேசமெங்கும் கண்டனம் மூண்டது. விடுதலையான அம்மையாரை அவ்வருஷமே கல்கத்தாக் காங்கிரஸ் தலைவியாக ஜனங்கள் ஏற்றுக்கொண்டனர். அந்நிய ஆட்சி தரும் கல்வி குமாஸ்தாக்களைத்தான் உண்டாக்கும். ஆகையால் தேசியக் கல்வி வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அம்மையார் 1933-ல் மறைந்தபின், அவர் ஞாபகார்த்தமாக 1934-ல் அடையாற்றில் ஒரு பள்ளி எழுந்தது. அருண்டேலின் மனைவியார் ஸ்ரீமதி ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். ஒரு மரத்தடியில், ஒரே ஒரு மாணவியுடன் அது தொடங்கிற்று. அம்மாணவியான ராதா பர்னியர் பிற்காலத்தில் பிரம்மஞான சபைக்கே தலைவியானார். நாட்டியத்தோடு நெசவும் அங்கே இடம் பெற்றது. கைத்தறிச் சேலைக்குக் கலாக்ஷேத்திரத்தின் பெயர் வழங்குவதை இன்றும் காண்கிறோம். கலையும் சுதேசியமும் ஒரே எண்ணத்தின் இரு கிளைகளென்று அன்று கருதப்பட்டன.

ஆனால் வித்தை எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து குதிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய தேவதாசிக் குலத்துப் பெண்களும், அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களும் காத்து வைத்திருந்த செல்வம் அது. சமூகம் அவர்களை இழித்துப் பேசியது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அரும்பாடுபட்டார். 1947-ல் சென்னைச் சட்டசபை அதைத் தடை செய்தது. இன்னொரு பக்கத்தில், தேசிய இயக்கத்தில் ஈடுபட்ட வக்கீல் இ. கிருஷ்ணய்யர், ஆட்டத்தையே அழித்துவிடலாகாது என்று வாதாடினார். கொடுமை ஒழிந்தது நன்மையே. ஆயினும் கலை கௌரவம் பெற்ற வேகத்தில், அதைக் காத்தவர்கள் மேடையை விட்டு விலகி நிற்க நேர்ந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் ருக்மிணி தேவிக்குக் கற்பித்திராவிட்டால், திருவான்மியூரில் இன்று எந்த மாணவியும் சலங்கை கட்ட முடியாது. பட்டயம் வாங்கும் ஒவ்வொருவரும் முதலில் கணக்கிட வேண்டிய கடன் இதுவே. பட்டயத்தாளில் இல்லாத பெயர்களுக்குப் பட்ட கடனாயிற்றே!

இரண்டாவது கடன் சக மாணவர்க்கு உரியது. 1953-ல் கேரளத்துப் பையனூரிலிருந்து கதகளி ஆசான் சந்து பணிக்கருடன் வந்த சிறுவர்களுள் ஒருவர் வி. பி. தனஞ்சயன். மலேயாவிலிருந்து சிறுமியாக வந்தவர் சாந்தா. இருவரும் அங்கேயே கற்று, சேர்ந்து ஆடி, வாழ்க்கைத் துணைவருமாயினர். மொழியும் ஊரும் வேறான பிள்ளைகள் ஒரு கூரையின் கீழ் உண்டு, ஒரு தாளத்திற்கு ஆடுவதைக் காட்டிலும் சிறந்த தேசிய ஐக்கியப் பாடம் எந்தப் புத்தகத்தில் உண்டு? 1955-ல் ‘சீதா சுயம்வரம்’ தொடங்கி 1970-ல் ‘மகா பட்டாபிஷேகம்’ வரை ஆறு நாடகங்களாக வால்மீகி ராமாயணத்தை அவர்கள் மேடையேற்றினர். அதற்கு இசையமைத்த மைசூர் வாசுதேவாச்சார் 1961-ல் காலமானபோது, அவர் பேரர் ராஜாராம் வேலையை முடித்தார். தாத்தா விட்ட இடத்தில் பேரன் தொடர்ந்தார். ஆசிரியர் விட்ட இடத்தில் மாணவர் தொடர்ந்தனர். வான்மீகியின் பெயர் வழங்கும் ஊரிலேயே அப்பணி நிறைவேறியதை எண்ண மனம் மகிழ்கிறது.

இத்தகைய ஸ்தாபனத்தை 1993-ல் பார்லிமெண்டு சட்டமியற்றித் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென்று ஏற்றுக்கொண்டது. தேசத்தின் சொத்தாகிவிட்ட பிறகு, அதன் குறையைப் பற்றிப் பேசவும் தேசத்திற்கு உரிமை உண்டு. 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், ஆசிரியர் சிலர்மீது பாலியல் தொல்லைக் குற்றஞ் சாட்டி, மாணவர்கள் வளாகத்திலேயே உட்கார்ந்து கிளர்ச்சி செய்தனர். முன்னாள் மாணவி ஒருவரின் புகாரின் பேரில் ஏப்ரல் மாதத்தில் போலீஸார் ஓர் ஆசிரியரைக் கைது செய்தனர். ஓய்வு பெற்ற ஹைக்கோர்ட்டு நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழுவும் அமைந்தது. குற்றவாளி யாரென்று தீர்மானிப்பது நியாயஸ்தலத்தின் வேலை. அதில் நாம் தலையிடப் போவதில்லை. ஆனால் அப்பொழுது எழுந்த ஒரு பேச்சுக்கு மறுமொழி சொல்லாமலிருக்க முடியாது. “குருவை எதிர்த்துப் பேசலாமா? கலாக்ஷேத்திரத்தின் பெயரைக் கெடுக்கலாமா?” என்று சிலர் கேட்டார்கள்.

குருபக்தி உயர்ந்த குணம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. கால் பிசகும்போது ஆசிரியர் கடிந்தால் பொறுக்கத்தான் வேண்டும்; அந்தப் பொறுமை இல்லாமல் எந்த வித்தையும் வராது. ஆனால் மாணவனின் பணிவு வித்தையின் பொருட்டு வந்தது. ஆசிரியருடைய மனம்போன போக்கிற்கு உரிமைப் பத்திரமாக வந்ததன்று. வித்தைக்குப் புறம்பான இடத்தில் பணிவைக் கேட்பவர் குருவின் ஆசனத்தை விட்டு இறங்கிவிட்டவராவார். அவ்வாறு ஒரு குறை இருக்குமானால், அதைச் சொல்பவரால் ஸ்தாபனத்தின் பெயர் கெடுவதில்லை; மூடி மறைப்பவராலேயே கெடும். அன்றியும், 1917-ல் அதிகாரத்தை எதிர்த்துக் காவலுக்குப் போனவர்களின் மரபில் வந்த ஸ்தாபனத்திலே, நியாயம் கேட்டு மாணவர் தரையில் உட்கார்ந்தது மரபுக்கு விரோதமாகுமா? அம்மரபின் சாரமே அதுவன்றோ?

ஆகவே, விடைபெறும் ஒவ்வொரு வகுப்புக்கும் நாம் சொல்லக்கூடியது இதுதான். ஆலமரத்தடியில் கூடிப் பழங்கதை பேசுங்கள், சிரியுங்கள், கண் கலங்கினாலும் வெட்கப்பட வேண்டாம். பேசி முடித்த பின் மூன்று காரியங்களை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். வித்தையைக் காத்த பழைய குடும்பங்களின் பெயரைச் சொல்லாமல் எந்த மேடையிலும் ஆடாதீர்கள். கற்றதைக் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மாத்திரம் விற்றுவிடாமல், கிராமத்துப் பள்ளிக்கும் கொண்டு செல்லுங்கள். நாளைக்கு நீங்களே தட்டுக்கழியைக் கையில் எடுத்து ஆசிரியர் ஆசனத்தில் அமரும்போது, எதிரே நிற்கும் சிறுமி அச்சமின்றித் தன் குறையைச் சொல்லக்கூடிய இடமாக அவ்வகுப்பை வைத்திருங்கள்.

அவள் அச்சமின்றிப் பேசுவாளாயின், உங்கள் நான்கு வருஷமும் வீண்போகவில்லை.