வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு மே மாதத்தை விட்டுக்கொடுங்கள்



பட்டணத்துக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில், பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் வாலிபப் பிள்ளைகள் இன்று பலர் உண்டு. பெற்றோர் வருந்தி உழைத்துக் கட்டணம் செலுத்துகிறார்கள். மதிப்பெண்களையும் தவறாமல் கேட்டறிகிறார்கள். ஆயினும் படிப்பு முடிந்து நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது, "ஆய்வுக்கூடத்தில் நீ சொந்தமாக என்ன செய்திருக்கிறாய்?" என்னும் கேள்விக்குப் பிள்ளை விடையின்றி நிற்கிறது. அந்த விடையை மதிப்பெண் பட்டியல் தராது. கோடைக்கால ஆய்வுப் பயிற்சியும் கருத்தரங்குகளுமே அதைத் தரும்.

கல்லூரியில் கிடைக்காத பாடம்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர் செய்வது பெரும்பாலும் விடை தெரிந்த சோதனையே. கொடுத்த உப்பைக் கண்டுபிடிப்பதும் தரம்பார்த்தலும் அவசியமான அடிப்படைகள்தாம். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் விடை எவருக்கும் தெரியாது. ஒரு வினை முடிந்ததா என்பதை மெல்லிய படலத் தகட்டில் ஓடும் புள்ளிகளைக் கொண்டு அறியவேண்டும். கிடைத்த பொருளைப் பிரித்துத் தூய்மைப்படுத்தவேண்டும். அது எதிர்பார்த்த பொருள்தானா என்பதை நிறமாலைக் கருவிகளால் உறுதிசெய்யவேண்டும். பல நாள் செய்த வேலை பலனின்றிப் போவதும் உண்டு. அதையும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதி, பிழை எங்கே என்று தேடும் பழக்கம் அங்கே உருவாகிறது. பாதுகாப்புக் கண்ணாடி, மேலங்கி, மூடிய காலணி ஆகியவை இல்லாமல் உள்ளே நுழையலாகாது என்னும் ஒழுங்கும் கைவருகிறது.

வாசல்கள் எங்கே?

முதலாவது, பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய நகரங்களிலுள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் இணைந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டம். தெரிந்தெடுக்கப்படும் மாணவர், நாட்டின் ஏதேனும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு விஞ்ஞானியின் கீழ் ஏறத்தாழ இரண்டு மாதம் பணியாற்றுவார். உதவித்தொகையும் இரயில் கட்டணமும் தரப்படுகின்றன. கல்லூரி ஆசிரியர்களும் இதில் விண்ணப்பிக்கலாம்.

மும்பைவாசிகளுக்கு இன்னும் அருகிலேயே வாசல்கள் உண்டு. மான்குர்தில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், 2004ஆம் ஆண்டு முதல் இளங்கலை மாணவருக்கென்று என்.ஐ.யு.எஸ். என்னும் திட்டத்தை நடத்திவருகிறது. வேதியியல் அதில் ஒரு பிரிவு. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வி.எஸ்.ஆர்.பி. என்னும் கோடைத் திட்டம் உண்டு. தாராவிக்கு அருகே, மாட்டுங்காவில் இருக்கும் வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியது. அதன் மதில் ஓரமாகத் தினமும் நடந்து செல்லும் நம்மவர் பலருக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. பெங்களூரில் இருப்போருக்கு இந்திய அறிவியல் கழகமும் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையமும், புனேயில் இருப்போருக்குத் தேசிய வேதியியல் ஆய்வகமும் அருகில் உள்ளன.

காலம் தவறலாகாது

பயிற்சி கோடையில் நடந்தாலும், விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். அகாடமிகளின் அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் வெளியாகிறது. தேர்வு முடியட்டும் என்று ஏப்ரல் வரை காத்திருப்பவருக்குக் கதவு அடைபட்டிருக்கும். ஒவ்வொரு ஆண்டும் கடைசித் தேதியையும் தகுதியையும் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் பட்டியல்களோடு, தன் ஆர்வத்தைப் பற்றிய ஒரு சிறு கட்டுரையும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் பெரும்பாலும் கேட்கப்படும். மாணவரின் முகமே அறியாத ஆசிரியர் நல்ல கடிதம் எழுத முடியாது. ஆகவே முதலாண்டிலிருந்தே வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையாக இருக்கப் பழக்குங்கள்.

பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதியும் இடம் பெறலாம். ஆனால் ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவது வீண். அவருடைய ஆய்வைப் படித்து, அதில் எது தன்னை ஈர்த்தது என்று நாலு வரி எழுதுவதே மேல்.

கருத்தரங்கில் என்ன பயன்?

கல்லூரிகள் நடத்தும் ஒருநாள் கருத்தரங்குகள் முதல், 1999இல் தோன்றிய இந்திய வேதியியல் ஆராய்ச்சிச் சங்கத்தின் தேசிய மாநாடு வரை பல உண்டு. உரை முழுவதும் விளங்கவில்லையே என்று மாணவர் சோர்ந்துபோக வேண்டாம். விளங்கிய ஒன்றையும் விளங்காத ஒன்றையும் குறித்துக்கொண்டு, இடைவேளையில் பேச்சாளரிடம் சென்று கேட்கட்டும். கோடைப் பயிற்சிக்கான வழி அப்படிப்பட்ட ஓர் உரையாடலில் திறக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பணம் வாங்கிக்கொண்டு, ஆய்வுக்கூடத்தையே காட்டாமல் சான்றிதழ் கொடுப்போர் இருக்கிறார்கள். கையில் வேலை கற்றுத்தராத சான்றிதழ் நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்விக்கே உதிர்ந்துபோகும்.

பெற்றோரே, உங்களுக்கு

மே மாதம் வந்தால் ஊருக்குப் போகவேண்டும். திருமணங்களும் கன்வென்ஷன் கூட்டங்களும் அப்போதுதான் வரும். விடுமுறையில் பையன் ஒரு கடையில் நின்றால் வாடகைக்காவது ஆகும் என்று எண்ணும் வீடுகளும் உண்டு. இந்த நெருக்கம் உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் மூன்றாண்டுப் படிப்பில் இப்படிப்பட்ட கோடைகள் இரண்டே. அவற்றில் ஒன்றையேனும் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். எல்லாப் பயிற்சிக்கும் உதவித்தொகை கிடையாது; எனவே தங்குமிடச் செலவை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மகளை வேறு பட்டணத்துக்கு அனுப்பத் தயங்குகிறீர்களா? விடுதி வசதி உண்டா என்று நிறுவனத்தையே கேளுங்கள். அந்தப் பட்டணத்தில் நம் சபைக் குடும்பங்கள் இருந்தால் போதகர் மூலம் தொடர்பு கொள்ளுங்கள். மகனுக்குத் திறக்கும் கதவை மகளுக்கு அடைத்துவிடாதீர்கள்.

இந்த வாரமே பிள்ளையை அருகில் உட்காரவைத்து, "உன்னை நன்றாய் அறிந்த ஆசிரியர் யார்? இந்த ஆண்டு எதற்கு விண்ணப்பிக்கப் போகிறாய்?" என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேதியியலின் பெயர்களும் வாய்பாடுகளும் உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. நீங்கள் கேட்பதே பிள்ளைக்குப் பெலன்.