டிராக்டர்ல சீட் பெல்ட் எதுக்கு?

டிராக்டர், ரோடு ரோலர், டோசர் ஓட்டுபவர்களிடம் சீட் பெல்ட் பற்றிப் பேச்செடுத்தால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "கார் மாதிரி வேகமாவா போறோம்? கவுந்தா குதிச்சிட வேண்டியதுதான். பெல்ட் போட்டா உள்ளயே மாட்டிக்குவோம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது.

பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்து அசையாமல் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால், சக்கரத்தைச் சுழற்ற முடியாத எஞ்சின், பின் அச்சை மையமாக வைத்து வண்டியையே தூக்கும். முன்பக்கம் எழும்பிய சுமார் முக்கால் நொடியில், இனி தடுக்க முடியாது என்ற நிலை வந்துவிடும். முழுதாகப் புரள ஒன்றரை நொடி. 'ஐயோ தூக்குதே' என்று மூளைக்கு உறைத்து, கால் கிளட்சுக்குப் போகவே கிட்டத்தட்ட அந்த முக்கால் நொடி போய்விடும். இதில் எங்கே குதிப்பது?

பக்கவாட்டில் கவிழ்ந்தால் நிலைமை இன்னும் மோசம். நம் உடம்பு எந்தப் பக்கம் சரிகிறதோ, அதே பக்கம்தான் வண்டியும் விழும்.

இதற்காக வந்ததுதான் ரோப்ஸ் எனப்படும் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம். சீட்டுக்குப் பின்னால் நிற்கும் வளைவாகவோ, நான்கு தூண் கூண்டாகவோ இருக்கும். கவிழும்போது அது ஓரளவு வளைந்து அடியை வாங்கிக்கொண்டு, ஓட்டுநரைச் சுற்றி நசுங்காத ஒரு இடத்தை விட்டுவைக்கும். அந்த இடத்துக்குள் ஆளைப் பிடித்து வைப்பதுதான் பெல்ட்டின் வேலை. பெல்ட் இல்லாவிட்டால் ஆள் வெளியே வீசப்படுவார். காப்பாற்ற வைத்த அதே கம்பி அவர் மேலேயே விழலாம்.

சரி, ரோப்ஸே இல்லாத டிராக்டரில்? அங்கே பெல்ட் போடவே கூடாது. "மாட்டிக்குவோம்" என்ற பயம் அங்கே உண்மை. மடக்கக்கூடிய ரோப்ஸுக்கும் இதே கதைதான். தோப்பில் தாழ்ந்த கிளைகளுக்காக மடக்கினால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். வெளியே வந்ததும் கம்பியை நிமிர்த்திப் பூட்டிவிட்டு பெல்ட்டைப் போட வேண்டும். மடக்கியபடியே விட்டுவிடுவதுதான் ஆபத்து.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு அல்ல. ஸ்வீடன் 1959இல் புதிய டிராக்டர்களுக்கு ரோப்ஸைக் கட்டாயமாக்கியது. பழைய வண்டிகளுக்கும் விதி பிறகு விரிந்தது. 1957இல் ஒரு லட்சம் டிராக்டருக்கு 17 ஆக இருந்த கவிழ்வு மரணங்கள் 1990இல் 0.3 ஆகக் குறைந்தன.

கடைசியாக மூன்று விஷயம். வெயிலுக்காகப் போடும் கூரை ரோப்ஸ் ஆகாது. ரோப்ஸில் ஓட்டை போடுவதோ, வெல்டிங் வைப்பதோ அதன் பலத்தைக் கெடுக்கும். ஒருமுறை கவிழ்ந்து அடிவாங்கிய சட்டகத்தை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள், புதிதாக மாற்றிவிடுங்கள்.