பாம்பன் கரையில் 90.4
எங்கள் பாம்பனில் 2016 ஆகஸ்டு 15 முதல் ஒலிக்கிறது கடல் ஓசை 90.4. மீனவர்களுக்கென்றே பிறந்த சமுதாய வானொலி. காற்றின் வேகம், அலையின் உயரம் சொல்வார்கள். கடலுக்குப் போகிற வீட்டில் அதுதான் முதலில் காதில் விழ வேண்டும்.

எனக்கோ அதில் வரும் பேச்சும் பாட்டும்தான் உயிர். வலை இழுக்கையில் ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் பின்பாடுவது அம்பாப் பாட்டு. படகில் இயந்திரம் ஏறியதும் அது அருகிப்போனது. அந்தப் பாட்டை அறிந்த பெரியவர் வானொலி மைக் முன்னால் பாடினால், மூச்சு வாங்குகிற இடம்கூடத் தெளிவாகக் கேட்கும். அந்த இடத்தில்தான் கை வலையை மாற்றிப் பிடிக்கும்.

சமுதாய வானொலி 10, 15 கிலோமீட்டர்தான் எட்டும். அதனாலேயே கேட்பதெல்லாம் தெரிந்தவர்களின் குரல். “நம்ம மாமா பேசுறாருடி!” என்று பக்கத்து வீட்டில் சத்தத்தைக் கூட்டுவார்கள். கடல்பாசி எடுக்கும் பெண்களின் கதைகளையும் இப்படியே நிறையப் பதிந்துவைக்க வேண்டும்.