ஒரு பட்டியலும் ஒரு திகதியும்: அரே, ஒப்ஜெக்ட் என்ன வேறுபாடு?

மாங்கேணியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களைக் கொப்பிகளில் இருந்து கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். சரிபார்க்க வந்த தாயொருவருக்கு அவருடைய மகனின் பதிவை வாசித்தேன். “இது என்ட புள்ளட திகதி இல்ல மனே” என்றார். அது வேறொருவர் காணாமற்போன திகதி. கொப்பியில் சரியாகத்தான் இருந்தது. பிழை நான் தெரிவுசெய்த முறையில்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் விபரங்களைச் சேர்த்து வைக்க முக்கியமான இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அரே, மற்றது ஒப்ஜெக்ட்.

அரே, நிவாரணத்துக்கு நாங்கள் நின்ற வரிசை போன்றது. நிற்கும் இடமே அடையாளம். எண்ணிக்கை 0இல் தொடங்கும்: பட்டியல்[0] முதலாமவர், பட்டியல்[1] இரண்டாமவர். நடுவில் ஒருவரை ‘ஸ்பிளைஸ்’ கட்டளையால் எடுத்தால், பின்னால் நிற்பவர்கள் ஓரிடம் முன்னே வருவார்கள். நான் பெயர்களை ஒரு அரேயிலும் திகதிகளை இன்னொன்றிலும் வைத்திருந்தேன். இருமுறை பதிந்த பெயரொன்றைப் பெயர்களில் மட்டும் நீக்கினேன். அதற்குப் பின்னால் இருந்த பெயர்கள் நகர்ந்தன. திகதிகள் நகரவில்லை.

ஒப்ஜெக்டில் இடம் முக்கியமல்ல. ஒவ்வொரு விபரத்துக்கும் ஒரு திறப்பு உண்டு. பெயர், ஊர், திகதி என்பவை திறப்புகள்; அவற்றுக்கு எதிரே எழுதுவது பெறுமானம். நபர்["திகதி"] என்று கேட்டால் அந்த நபரின் திகதியே வரும். ஊர் என்ற விபரத்தை நீக்கினாலும் திகதி அசையாது.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு ஒப்ஜெக்டில் ஒரே திறப்பு இருமுறை இருக்க முடியாது. எல்லோரையும் ஒரே ஒப்ஜெக்டில் போட்டு, ஆளின் பெயரையே திறப்பாக்கினால், அதே பெயருள்ள அடுத்தவரை எழுதும்போது முதலாமவரின் பதிவு அழிந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. எங்கள் ஊர்களில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ளவர்கள் பலர். அடையாள அட்டை இலக்கத்தைத் திறப்பாக்கலாம் என்றால், சிறு பிள்ளைகளுக்கு அட்டை இல்லை. 2004 சுனாமியிலும் 2006-2007 வாகரை இடப்பெயர்விலும் ஆவணங்களை இழந்த குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொருவருக்கும் நாங்களே ஒரு பதிவு இலக்கம் கொடுத்தோம். ஒருவருக்குக் கொடுத்ததை வேறெவருக்கும் கொடுப்பதில்லை.

இப்போது இரண்டு வழிகளையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். ஒவ்வொருவரும் ஒரு ஒப்ஜெக்ட். அந்த ஒப்ஜெக்டுகள் எல்லாம் ஒரே அரேயில். வரிசையை எப்படி மாற்றினாலும் பெயரும் திகதியும் ஒன்றாகவே நகரும்.

பழைய கொப்பிகளை மட்டும் எறியவில்லை. பட்டியலில் பிழை வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.